அந்த முதுகு யாரு?

எங்கள் வகுப்பில் எடிட்டிங் என்றால் நான்தான். இதை வேறு யாராவது சொல்வார்கள் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. உனக்கேற்ற வேலைதான் உனக்கு வாய்த்திருக்கிறது என்பாள் அக்கா.

எங்கள் திரைப்படப் பள்ளியில் கடைசி வருடம் ஒரு போட்டி உண்டு. நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு குழந்தைகள் படத்துக்கு முழுக் கதையும் எழுத வேண்டும். ஆனால் எடுப்பது அதன் தொடக்கத்தை மட்டும்தான், அதுவும் இரண்டரை நிமிடத்துக்கு மிகாமல். நான்கில் ஒன்றைத்தான் பள்ளி முழுப் படமாக எடுக்க விடும். மற்ற மூன்று குழுவும் ஜெயித்தவர்களுக்கு லைட் தூக்க வேண்டியதுதான்.

யார் ஜெயிப்பது என்பதை ஆசிரியர்கள் முடிவு செய்வதில்லை. பக்கத்துத் தொடக்கப்பள்ளியிலிருந்து எழுபது குழந்தைகளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டுவார்கள். எங்கள் மேடம் திரைக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழந்தைகளைப் பார்த்தபடி உட்காருவார். கையில் ஓர் அட்டையும் பென்சிலும். எந்தக் குழந்தையின் தலையாவது திரையை விட்டுத் திரும்பினால் ஒரு கோடு. தண்ணீர் கேட்டால் ஒரு கோடு. பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினால் இரண்டு கோடு, கிள்ளியவனுக்கு ஒன்று, கிள்ளு வாங்கியவனுக்கு ஒன்று. எந்தப் படத்துக்குக் கோடு குறைவோ அது ஜெயித்தது. போன வருடம் ஒரு குழுவுக்கு நூற்றுப் பன்னிரண்டு விழுந்தது. இன்றைக்கும் அவர்கள் எதிரில் சின்னப் பிள்ளைகள் வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

எனக்கு அந்த முழுப் படம் வேண்டும். மூன்று வருடமாக நான் வெட்டி ஒட்டியதெல்லாம் பயிற்சிகள். ஒருவர் நாற்காலியில் உட்காருவார், எழுந்திருப்பார், அதை நான் பதினாறு விதமாக வெட்டிக் காட்டுவேன். ஒரு முழுக் கதையைத் தலையிலிருந்து கால் வரை என் கையால் கோத்து முடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே ஆகியிருந்தது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். இயக்கம் கேப்டன். எதற்கெடுத்தாலும் ஒரு திட்டம் வைத்திருப்பான், கேண்டீனில் டீ வாங்கப் போனாலும் எந்தப் பக்கமாகப் போவது என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பான். கேமரா நெட்டை. வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவன் எந்த அறைக்குள்ளும் நுழைந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது நான்.

கதையை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் தீட்டினோம். ஒரு சிறுமி காலையில் வீட்டுக் கதவைத் திறக்கிறாள். வாசலில் ஒரே ஒரு ஷூ கிடக்கிறது. பெரிய ஆளின் ஷூ, ஜோடி இல்லை. அது யாருடையது என்று கண்டுபிடிக்க அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்கு மாடி இறங்கிப் போகிறாள். படம் முழுக்க அந்தத் தேடல்தான். கேப்டன் பெரிய அட்டையில் முப்பத்தெட்டுக் கட்டம் போட்டு ஒவ்வொரு ஷாட்டையும் வரைந்தான். அக்கா மகள் வாண்டு, ஏழு வயது, மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு ஏன் மூக்கு இல்ல?" என்றாள்.

"இது சும்மா படம்மா. மூக்கு அப்புறம் வரும்," என்றான் கேப்டன்.

"எனக்கு இருக்கு," என்று வாண்டு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். முன்பல் விழுந்த வாயோடு சிரித்தாள். கேப்டன் அவளையே பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். நடிக்க ஆள் தேடும் வேலை அத்தோடு முடிந்தது.

ஷூவுக்கும் அலையவில்லை. நெட்டையின் காலைப் பார்த்தோம், கழற்றச் சொன்னோம்.

அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியிலேயே இரண்டு நாள் எடுத்தோம். நெட்டைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கிளாப் அடிப்பதற்கு வெகு நேரம் முன்பே கேமராவை ஓடவிடுவான், கேப்டன் 'கட்' என்று கத்திய பிறகும் நிறுத்த மாட்டான். கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டேய், மெமரி கார்டு என்ன மரத்துலயா காய்க்குது?"

"அழிச்சு அழிச்சு எடுக்கறதுதானே," என்பான் நெட்டை. கேமரா அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது கட்டம்தான் எங்களை வதைத்தது. ஷூவைப் பார்த்துச் சிறுமி ஆச்சரியப்பட வேண்டும், முகம் திரை முழுக்க வர வேண்டும். "ஆச்சரியப்படு கண்ணு" என்று கேப்டன் சொன்னதும் வாண்டு கண்ணை உருட்டி, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுபோல வாயை அகலத் திறந்தாள். பதினான்கு முறை எடுத்தோம். பதினான்கு முறையும் பல் டாக்டர்தான்.

எடிட்டிங் அறை பள்ளியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. இரண்டு மானிட்டர், ஓர் ஆடும் நாற்காலி, சுவரில் பழைய மாணவர்கள் எழுதிவைத்த வசவுகள். மூன்று நாள் அங்கே கிடந்தேன். முதல் வேலையாக அந்தப் பல் டாக்டர் முகத்தைத் தூக்கி எறிந்தேன். மாடிப்படி ஷாட்டுகளை இறுக்கினேன். அவள் ஓடும்போது பின்னலின் ஆட்டத்துக்கும் காலடிச் சத்தத்துக்கும் சரியாக வெட்டு விழுந்தது. மொத்தம் இரண்டு நிமிடம் பதினெட்டு நொடி. போட்டுக் காட்டியதும் கேப்டன் கை தட்டினான். நெட்டை எழுந்து நின்று தட்டினான், டியூப்லைட்டில் கை பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் வீடு வரை நடந்தே போனேன்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, தான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரரின் இரண்டு பெண்களையும் கேப்டன் கூட்டிவந்தான். ஒருத்திக்கு ஆறு வயது, ஒருத்திக்கு எட்டு. கதை அவர்களுக்குத் தெரியாது, வாண்டுவையும் தெரியாது. எங்கள் படத்தை முதன்முதலாகப் பார்க்கும் வெளியாட்கள். இருவரையும் என் நாற்காலியிலேயே ஏற்றி உட்காரவைத்துப் போட்டேன்.

முடிந்தது. சின்னவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அந்த முதுகு யாரு?"

"எந்த முதுகு?"

"படத்துல வந்துச்சே, அந்த முதுகு."

"அது முதுகு இல்ல. அவதான் கதாநாயகி," என்றேன்.

"ஓ," என்றாள் பெரியவள் மரியாதையாக. "நான் அவ யாரையோ தேடிப் போறான்னு நெனச்சேன். அந்த யாரோதான் கதாநாயகின்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கருகிவிடும். கேப்டன் அவர்களுக்கு பிஸ்கட் கொடுத்துக் கூட்டிப்போனான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று நெட்டையிடம் கத்தினேன். எனக்கே இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது.

"கத்தாத. மூஞ்சி எப்ப வருதுன்னு மட்டும் பாரு," என்றான் நெட்டை.

பார்த்தேன். ஒரு நிமிடம் இருபத்து நான்காவது நொடியில் வந்தது. அதுவும் பக்கவாட்டில், பாதி நிழலில். அதற்கு முன்னால் கை, கால், பின்னல், முதுகு. ஒரு குழந்தைகள் படத்தின் தொடக்கத்தில் குழந்தையே இல்லை.

இப்படி ஒரு தப்பை வேறு எந்த எடிட்டரும் செய்திருக்க மாட்டார், நான் செய்தேன். வாண்டு பிறந்த அன்றே அவளைக் கையில் வாங்கியவள் நான். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போன நாட்களில் அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். அவள் பின்னங்கழுத்தைப் பார்த்தாலே அவள் கோபமாக இருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியும். அந்த முதுகில் நான் ஒரு முழு முகத்தைப் பார்த்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஆனால் குஞ்சை ஊருக்குக் காட்டாமலே பொன் என்றால் யார் நம்புவார்கள்?

திரும்ப எடுத்துவிடலாம், ஒரே ஒரு முகம்தானே என்றான் கேப்டன். அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் மருத்துவமனையில் நர்ஸ், வார்டு சத்தத்துக்கு நடுவே பேசினாள்.

"அக்கா, நாளைக்கு வாண்டுவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போகவா? ஒரு மணி நேரம் போதும்."

"கூட்டிட்டுப் போ. ஆனா முடி கேக்காத."

"முடியா? என்னாச்சு?"

"அவ வகுப்புல எல்லாத் தலையிலயும் பேனுடி. நேத்துதான் ஒட்ட வெட்டி விட்டேன். மொட்டை ஒண்ணுதான் அடிக்கல. இப்ப கண்ணாடி முன்னாடி நின்னு தலையத் தடவிக்கிட்டே இருக்கா. ரொம்ப சந்தோஷமா இருக்கா."

அவளுக்குச் சந்தோஷம். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்தேழு கட்டத்தில் நீளப் பின்னல், ஒன்றில் மட்டும் மொட்டைத் தலை என்று எந்த வித்தை காட்டி ஒட்டுவது?

மீதி இருந்தது ஒரே வழி. எடுத்த அத்தனையையும், முதல் நொடியிலிருந்து, ஒன்று விடாமல் பார்ப்பது. மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். பல் டாக்டர் பதினான்கையும் மறுபடி பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டே ஒன்பதாவது டேக்கின் தொடக்கத்துக்குப் போனேன். கிளாப்புக்கு முன்னால், கேப்டன் யாரிடமோ விளக்கை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும் நேரம். நடி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாண்டு வாசலில் குந்தியிருக்கிறாள். ஷூவைத் தூக்குகிறாள். ஆட்டிப் பார்க்கிறாள், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று. எதுவும் விழவில்லை. முகத்தை அதற்குள் விடுகிறாள். ஒரு நொடி அசையாமல் இருக்கிறாள். பிறகு தலையை வெடுக்கென்று எடுத்து, மூக்கும் கண்ணும் வாயும் ஒன்றாகச் சுருங்க, பல்லில்லாத இடைவெளி தெரிய, இடப்பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: "நாறுது சித்தி!"

பதினொரு நொடி. திரை முழுக்க முகம். ஃபோகஸ் கத்திபோல இருந்தது. சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு இருவருக்கும் போன் போட்டேன்.

நெட்டை முதலில் வந்தான். பார்த்தான். "அதுக்கு முன்னாடி மூணு நாள் விடாம அந்த ஷூவப் போட்டிருந்தேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பிறகு கேப்டன் வந்தான். அவன் சிரிக்கவே இல்லை.

"இது நம்ம பிளான்ல இல்ல," என்றான்.

"பிளான்ல இருந்தது பல் டாக்டர்."

"அவ நடிக்கவே இல்ல இதுல."

"அதனாலதான்டா வெக்கறேன்."

"முதல் பேச்சே ரெண்டாவது நிமிஷத்துலதான் வரணும். அதுவரைக்கும் ஒரு அமைதி. முப்பத்தெட்டு கட்டமும் அதுக்காக வரைஞ்சது. இப்ப எடுத்த எடுப்புல 'நாறுது'ன்னு ஆரம்பிக்கச் சொல்றியா?"

"முதுகோட அமைதிய யாருடா பாப்பாங்க?"

ஒற்றைக் காலில் நின்றான். நானும் விடவில்லை. நெட்டை நடுவில் உட்கார்ந்து இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தான். கேப்டன் எழுந்து வெளியே போனான், கதவை அறைந்து சாத்தினான். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

அந்த வெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஷாட்டின் ஓரத்தில் கிளாப் பலகை எட்டிப் பார்த்தது, படத்தைச் சற்றே பெரிதாக்கி அதை விளிம்புக்கு வெளியே தள்ளினேன். கேப்டனின் கத்தல் பின்னால் கேட்டது, 'நாறுது'வை மட்டும் பொறுக்கி எடுத்து மீதி இடத்தில் மாடிப்படியின் வெறும் சத்தத்தைப் பரப்பினேன். அவள் இடப்பக்கம் பார்த்ததும், ஆளில்லாத நடைக்கூடத்தை ஒட்டினேன். என்னைப் பார்த்த பார்வை, ஷூவைப் போட்டுவிட்டுப் போன ஆளைத் தேடும் பார்வையாகிவிட்டது. எடிட்டிங் என்பது இதுதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் கை நின்றது. 'நாறுது' முடிந்து 'சித்தி' தொடங்கும் இடம். படத்தில் சித்தி என்று யாரும் இல்லை. அவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவளாக வேண்டுமானால் என்னைக் கூப்பிடுவதை அவள் நிறுத்தியாக வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு வெட்டுக்கு நான் இவ்வளவு யோசித்ததில்லை. வெட்டினேன், வெட்டிவிட்டு மூக்கைச் சிந்தினேன். நெட்டை பார்க்காததுபோல இருந்தான்.

மாலையில் கேப்டன் திரும்பி வந்தான். நின்றபடியே பார்த்தான். மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டினான். மூன்றாம் முறை பார்த்து முடித்ததும் தொண்டையைச் செருமினான்.

"நாறுதுக்கு அப்புறம் ரெண்டு ஃப்ரேம் விடு. உடனே வெட்டாத."

சரி என்று அவன் சொல்லவே இல்லை. ஆனால் ஓர் இயக்குநர் தோற்றுப்போனதை இதைவிடக் கௌரவமாகச் சொல்ல முடியாது. இரண்டு ஃப்ரேம் விட்டேன். அவன் சொன்னது சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். மொத்தம் இரண்டு நிமிடம் இருபத்தொன்பது நொடி.

போட்டியன்று காலை சீட்டுக் குலுக்கியதில் நாங்கள் கடைசியாக வந்தோம். கடைசி என்றால் குழந்தைகள் நெளிய ஆரம்பித்திருப்பார்கள். கேப்டன் வெளிறிப்போனான். நாங்கள் மூவரும் அரங்கின் பின்னால் இருந்த புரொஜெக்டர் அறையில் நின்றோம். சுவரில் ஒரு சதுர ஓட்டை, அதன் வழியே தெரிந்தது எழுபது பின்மண்டை. அதற்கும் அப்பால் திரைக்குக் கீழே மேடம், அட்டை, பென்சில். ஓட்டைக்கு நேர் கீழே, கடைசி வரிசையில் அக்கா லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாண்டு, தலையில் தொப்பி.

முதல் படம் நட்சத்திரங்களோடு பிரமாதமாகத் தொடங்கியது. பென்சில் அசைவதை எண்ணினேன், முப்பத்தொன்று. இரண்டாவதற்கு இருபத்தாறு. மூன்றாவதில் ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. ஆட்டுக்குட்டியைக் கொண்டுவருவதெல்லாம் அழுகுணி ஆட்டம். பத்தொன்பது.

பத்தொன்பதுக்குக் கீழே வர வேண்டும். விளக்கு அணைந்தது.

கதவு திறந்தது. ஷூ கிடந்தது. வாண்டு குந்தினாள், தூக்கினாள், ஆட்டினாள், முகத்தை உள்ளே விட்டாள். அரங்கில் ஒரு சத்தமில்லை. "நாறுது!"

அரங்கம் வெடித்தது. எழுபது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தால் குழந்தைகள் சும்மா இருப்பார்களா? பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தார்கள், முதுகில் தட்டினார்கள். தலைகள் திரும்பின. இதை நான் யோசிக்கவே இல்லை. பென்சில் இறங்கியது. ஐந்து, எட்டு, பதினொன்று, பதினாறு. "போச்சு," என்றான் கேப்டன். என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

அப்புறம் மாடிப்படி வந்தது. ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். அதே முதுகு, அதே பின்னல். சிரித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரைக்குத் திரும்பினார்கள். ஒருவன் எழுந்து நின்றான், பின்னாலிருந்தவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள், இருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. இனி அந்த முதுகு யாருடையது என்று யாரும் கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்தவள்தான் போய்க்கொண்டிருந்தாள். வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தார்கள். பென்சில் பதினாறிலேயே நின்றது. ஒன்றேகால் நிமிடம் அது அசையவில்லை, நானும் மூச்சு விடவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு கதவு. அவள் மணியை அடிக்கிறாள். தாழ்ப்பாள் நகரும் சத்தம். கதவு திறக்கத் தொடங்குகிறது. அங்கே வெட்டியிருந்தேன். திரை இருண்டது.

"ஐயோ!" என்றது அரங்கம். அடுத்த நொடி, எழுபது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. படம் எங்கிருந்து வருகிறதோ அந்த ஓட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து. காலையிலிருந்து பின்மண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன்.

"மீதி எங்க?"

"கதவுக்குப் பின்னாடி யாரு?"

"போடுங்க! போடுங்க!"

ஒருத்தி கடைசி வரிசையைப் பார்த்துவிட்டாள். "ஏய், அவ இங்க இருக்கா! அவதான் இது!" தொப்பி போட்டிருந்தும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஷூ யாரோடது? சொல்லு!" என்று நான்கைந்து பேர் நாற்காலி தாண்டி ஓடிவந்தார்கள். வாண்டு நாற்காலி மேல் ஏறி நின்று, விரலை நீட்டி ஓட்டையைக் காட்டினாள்.

"எனக்குத் தெரியாது. என் சித்தியக் கேளுங்க!"

எழுபது பேரும் என்னைக் கேட்டார்கள். கேப்டன் என் தோளைப் பிடித்திருந்தான். நெட்டை ஓட்டை வழியே பார்க்கக் குனிந்து, நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டான்.

மேடம் எழுந்து நின்றார். மாலையில்தான் முடிவைச் சொல்வது அவர் வழக்கம். பதினாறுக்கு மேல் ஒரு கோடும் போடாமல் அட்டையையும் பென்சிலையும் நாற்காலியில் வைத்துவிட்டு, சத்தத்துக்கு மேலே சத்தமாக எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"குழந்தைங்க கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க. மீதிய எப்ப எடுக்கப்போறீங்க?"